கழுவின வண்டி

வாளிக்கு லைசென்ஸ் அட்டை தபாலில் வந்த அன்று, அதை முதலில் கையில் எடுத்தது அக்கா புருஷன்தான். எடுத்தவர் படித்தாரா என்றால் இல்லை. அதன் கூர்மையான முனையால் கடைவாய்ப் பல்லின் இடுக்கைக் குடைந்தார். குடைந்து முடித்து, முனையில் ஒட்டியிருந்ததை ஒரு முறை கூர்ந்து பார்த்துவிட்டு, பனியனில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"போட்டோவுல ஒரு கண்ணு மூடியிருக்கு. போலீஸ்காரன் பாத்தா கண்ணடிக்கிறேன்னு உள்ள தூக்கி வைக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வாளி அட்டையைக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். அப்படியும் அந்த முனையைத் தொட மனம் வரவில்லை. மறு முனையைப் பிடித்தபடியே உள்ளே வந்தாள்.

வாளி என்பது அவள் பெயரல்ல. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வண்டி கழுவும் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, கையில் இருந்த வாளிதான் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தாள். "ஏ வாளி, இங்க வா" என்று யாரோ கூப்பிட்டார்கள். வாயைத் திறந்து மறுத்துச் சொல்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஏழு வருஷம் ஓடிவிட்டது. இப்போது வீட்டிலும் அதே பெயர்தான்.

வண்டி கழுவுவதைக் கேவலமான வேலை என்று அவள் நினைத்ததில்லை. வண்டிக்காரர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. முகத்தை அலம்பி, தலையை வாரி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவார்கள். வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால்தான் அவர்களுடைய லட்சணம் தெரியும். துப்பிய எச்சில் பக்கவாட்டில் காய்ந்து கோடு கோடாக வழிந்திருக்கும். யாரோ வாந்தி எடுத்தது பின் மட்கார்டுக்குள் பாறையாக இறுகியிருக்கும். சீட்டுக்கு அடியில் தின்று போட்ட எலும்பு, மூக்கைச் சிந்திச் சுருட்டிய காகிதம், ஒரு தடவை யாருடையதோ கட்டுப்பல். அத்தனையையும் தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, சாக்கடைக் குழிக்குள் தள்ள வேண்டும். வாரக் கடைசியில் அந்தக் குழிக்குள் இறங்கி, சேற்றைக் கையால் அள்ளி வெளியே போடுவதும் அவள்தான். கிரீஸும் எண்ணெயும் ஊர் அழுக்கும் கலந்த அந்தச் சேறு, கறுப்புக் கூழாட்டம் விரலோடு இழுபடும். சனிக்கிழமை ராத்திரி அவள் கை சோற்றுத் தட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அங்கிருந்து வெளியேற ஒரு வழி திறந்திருந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில், மலைமேல் இருக்கும் ஐந்து சின்ன மருத்துவமனைகளிலிருந்து ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றன்றே கொண்டுவந்து சேர்க்க ஆள் கேட்டிருந்தார்கள். லைசென்ஸ் இருக்க வேண்டும், சொந்த வண்டி இருக்க வேண்டும். "பெட்டியோட சேத்து மலை ஏறற வண்டியா இருக்கணும்மா. திங்கட்கிழமை காலைல ஏழு மணிக்கு வண்டியோட வந்து நில்லு. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று அங்கிருந்த மேனேஜர் அம்மா சொல்லியிருந்தார். லைசென்ஸ் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று ஞாயிறு.

மலை ஏற வேண்டும் என்றதும் அவள் மனம் நேராகப் பெரிய வண்டிக்குத்தான் போனது. அதற்கு மலை ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம். ஏழு வருஷமாகப் பெரிய வண்டிகளைக் கழுவியிருக்கிறாள். கழுவி முடித்ததும் டேங்கின் மேலிருந்து தண்ணீர் வழுக்கி இறங்கும் அந்த இரண்டு நிமிஷம், உலகத்தில் அழுக்கே இல்லாத இரண்டு நிமிஷம். அதற்குள் சொந்தக்காரன் வந்து தொப்பென்று உட்கார்ந்துவிடுவான். தனக்கென்று அப்படி ஒன்று, வேறு யாரும் உட்காராத ஒன்று, என்று அவள் நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை. எப்படியோ அக்காவிடம் வாய்தவறி வந்துவிட்டது. அக்காவிடமிருந்து அக்கா புருஷனுக்குப் போய்விட்டது.

"பெரிய வண்டிதானே? நான் பாத்து வெச்சிருக்கேன். அந்த வெலைக்குக் கனவுல கூடக் கெடைக்காது" என்றார் அவர். அவர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பழைய வண்டிக் கடைக்காரர்கள் எல்லோரும் அவருக்குத் தோஸ்து. "வாளி, நீ வாயத் தொறக்காத. அது உனக்குக் கஷ்டமும் இல்ல. நான் பேசிக்கறேன்."

அக்கா வாசல் வரை வந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "பாத்து எடு கண்ணு. கால் ஊனறாப்புல இருக்கணும்" என்றாள். அக்காவுக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அதுவே போதுமான அறிவு என்று பிறகு தெரிந்தது.

பழைய வண்டிக் கடைக்காரருக்கு வாளி மனதுக்குள் வைத்த பெயர் பளபளா. தலையில் எண்ணெய் பளபள, சட்டை பளபள, விரல் மோதிரம் பளபள. டயருக்குப் பூசுகிற கறுப்பு மெழுகின் நெடியும், அதை மறைக்க அடித்த ரோஜா வாசனை ஸ்ப்ரேயும் ஒன்றாகச் சேர்ந்து கடைக்குள் நுழைந்ததுமே தொண்டையில் இனிப்பாக ஒட்டிக்கொண்டது. கழிவறையில் ரோஜாச் செடி வைத்ததுபோல.

"வாங்க பெயின்டரே! இதான் நம்ம ரேஸ்காரியா?" என்று பளபளா கையை நீட்டினார். நீட்டிய கை வாளியைத் தாண்டிப் போய் அக்கா புருஷனின் கையைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பிப் பேசவில்லை.

"பாப்பா உயரம் எவ்வளவு பெயின்டரே?"

"அஞ்சு அடி ரெண்டு. ஆனா கால் நீளம்."

"வெயிட்டு தூக்குமா?"

"தெனம் தூக்கற வாளியே இருபது லிட்டர். இது எம்மாத்திரம்?"

சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இவர்கள் அதையும் பார்க்கவில்லை. அக்கா புருஷன் பேச்சுவாக்கில் வரிசையில் நின்ற ஒரு வண்டியின் சாவியை எடுத்துக் காதுக்குள் விட்டுத் திருகினார், கண்ணை மூடிச் சுகமாக. பிறகு சாவியைச் சீட்டு விளிம்பில் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். அந்த வண்டியை யார் வாங்குவார்களோ என்று வாளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் பளபளா ஒரு மூலைக்குப் போய்த் துணியை உருவினார்.

வாளி மூச்சு விட மறந்தாள். அது பெரியது. முழுக் கறுப்பு, பளபளப்பில்லாத கறுப்பு, மழைக்கு முன்னால் இருட்டுகிற வானத்தின் நிறம். டேங்க் ஒரு மிருகத்தின் தோள் மாதிரி முன்னால் எழும்பி நின்றது. நம்பர் பிளேட் இல்லை.

"ஒரே கை ஓட்டினது. ஒரு கண் டாக்டர். வாரத்துக்கு ஒரு நாள் எடுப்பாரு, ஆஸ்பத்திரிக்குப் போவாரு, வருவாரு. ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்?" என்று நாக்கூசாமல் அடுக்கினார் பளபளா. "பேர் மாத்தப் பிளேட் போயிருக்கு. நாளைக்கு வந்துடும்."

"ஏறி உக்காரு" என்றார் அக்கா புருஷன்.

ஏறினாள். ஒரு பக்கம் சாய்ந்தால் கால் விரல்கள் தரையைத் தொட்டன. சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தபோது அந்த அதிர்வு முதுகெலும்பில் ஏறி மண்டைக்குள் போய் உட்கார்ந்தது. பின்கட்டில் வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஒரு முற்றம் இருந்தது. முதல் கியர் போட்டு மெதுவாகச் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போட்ட அந்தப் பஞ்சத்து வண்டி எங்கே, இது எங்கே. கையைக் கொஞ்சம் திருகினால் போதும், வண்டி "எங்கே போகலாம் சொல்லு" என்று கேட்டது. யாராவது பார்த்துவிடப் போகிறார்களோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது சுற்றில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். வண்டி இடது பக்கம் இழுத்தது. லேசாகத்தான், தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல. மறுபடி நேராக்கி மறுபடி தளர்த்தினாள். மறுபடி இடது.

ஓரமாக நிறுத்தினாள். ஆட்கள் இருவரும் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றார்கள். ஏழு வருஷப் பழக்கம், கை தானாகவே பக்கவாட்டுப் பூட்டைத் திறந்து சீட்டைத் தூக்கியது. எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் சீட்டுக்கு அடியில் பார்ப்பது அவளுடைய வழக்கம். வேகமாகத் தண்ணீர் அடிக்கும்போது சீட்டுக்கு அடியில் ஒயர்கள் ஒன்றுசேரும் இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் வண்டி கிளம்பாது. அதற்காகவே சோப்புத்தூள் மூட்டையின் நீலப் பிளாஸ்டிக்கை வெட்டி வைத்திருப்பாள். ஒயர்களையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துச் சுற்றி, இரண்டு முறுக்கு முறுக்கி, நுனியை உள்பக்கமாகச் செருகிவிடுவாள். கழுவி முடித்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அந்த முடிச்சை அந்தக் கடையில் வேறு யாரும் போட மாட்டார்கள். மற்றவர்கள் பிளாஸ்டிக் போடுவதே இல்லை.

சீட்டுக்கு அடியில் நீலப் பிளாஸ்டிக் இருந்தது. மேலே கறுப்புப் பெயின்ட் தூறல் தூறலாகப் படிந்திருந்தது. இரண்டு முறுக்கு. நுனி உள்பக்கம் செருகியிருந்தது.

தன் கையெழுத்தைப் பிறர் வீட்டில் பார்த்ததுபோல வாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

அடியில் கம்பி சிவப்பாக இருந்தது. உள்ளங்கை அளவுக்கு, பளிச்சென்று. பெயின்ட் அடித்தவர் பிளாஸ்டிக்கைக் கழற்றக்கூடச் சோம்பல்பட்டு அதன் மேலேயே அடித்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தச் சிவப்பு வண்டி போன மாதம் ஒரு காலை நேரத்தில் சின்ன லாரியில், தார்ப்பாய் போர்த்தி வந்தது. முன்சக்கரம் கோணியிருந்தது. "நாய் குறுக்க வந்துடுச்சாம். அடியில நல்லா அடிச்சுக் கழுவு" என்று முதலாளி சொன்னார். அடித்தாள். செயினிலிருந்து கொத்தாக முடி வந்தது. நீள முடி. பல்சக்கரத்தின் பின்னால் ஏதோ மாட்டியிருந்தது. விரலை விட்டு இழுத்ததும் கையில் வந்தது மஞ்சள் ரப்பர் வளையம். தலைமுடியில் போடுவது, அதில் சின்னப் பிளாஸ்டிக் பூ.

"முதலாளி, நாய்க்கு..." என்றாள் வாளி.

"உன் வேல என்ன? கழுவறது. கழுவு."

வளையத்தைக் குழிக்குள் போட்டாள். முடியை ஓஸ் தண்ணீரால் தள்ளிவிட்டாள். குமட்டி ஓங்கரித்துக்கொண்டு வந்ததில், பிளாஸ்டிக்கை அவிழ்க்காமலே சீட்டை மாட்டிவிட்டு ஓடிப்போய்ச் சுவர் ஓரம் குனிந்தாள். சாயங்காலம் முதலாளி கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுத்தார். அதில் பன்னும் டீயும் வாங்கினாள். தின்றாள். செரித்தது.

இரண்டு நாள் கழித்துப் பெட்ரோல் பங்கின் சுவரில் போலீஸ் ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது. சிவப்பு நிறப் பெரிய மோட்டார் சைக்கிள், அதிகாலையில் நூல் ஆலை வேலை முடிந்து நடந்துபோன பெண் மீது மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது, தகவல் தெரிந்தவர்கள் சொல்லவும். அந்தப் பெண்ணுக்கு ஒரு கால் போய்விட்டது என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். வாளி அந்தக் காகிதத்தை ஒரு முறை படித்தாள். பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நடந்தாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டாள்.

சற்று முன் இதே வண்டியில் உட்கார்ந்து சிரித்த வாயைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். தோல் எரியும் வரை துடைத்தாள். அந்த அதிர்வு இன்னும் தொடையில் இருந்தது. அதைப் பிய்த்து எறிய முடிந்தால் எறிந்திருப்பாள்.

"என்ன வாளி, சீட்ட ஏன் கழட்டின?" அக்கா புருஷன் டீ கிளாஸோடு வந்து நின்றார். உதட்டில் டீயின் ஆடை ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வாளி பிளாஸ்டிக்கை மூடிப் பிடித்திருந்தாள். "மாமா. இது நான் கழுவின வண்டி."

அவர் முகம் மாறும், பதறுவார், பொய் சொல்வார் என்று அவள் நினைத்தாள். பதறியிருந்தால்கூட மன்னித்திருக்கலாமோ என்னவோ. அவர் பதறவில்லை. திரும்பி வாசலைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார். வாயிலிருந்து டீயும் புகையிலையும் புளித்து வந்தது.

"தெரியும். அதான் உனக்குப் பாத்தேன். வெளிய யாருக்காவது வித்தா நாலு பேரு நோண்டுவான். நம்ம வீட்டுலயே நின்னுட்டா ஒரு கேள்வி வராது. அந்த வெலைக்கு ஏன் குடுக்கறான்னு நெனைச்ச?" குரலில் ஒரு பாசம்கூட இருந்தது. "செவப்பைக் கறுப்பாக்கினது நான். கழுவினது நீ. நம்ம கை பட்டுத்தான இது புதுசாச்சு? இத விடச் சுத்தமான வண்டி உனக்கு எங்க கெடைக்கும் சொல்லு."

கழுவினது நீ. அந்த வார்த்தை வாளியின் வயிற்றுக்குள் போய்ப் பழைய பன்னின் மேல் விழுந்தது. இந்த மனுஷன் மேல் அருவருப்புப்பட்டுவிட்டுப் போய்விடலாம், அது சுலபம். லைசென்ஸில் பல் குத்தியவர், சாவியில் காது குடைந்தவர். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பு அப்பியிருந்தது. அவள் தன் நகத்தைப் பார்த்தாள். அங்கேயும் கறுப்புதான்.

"ஒருத்திக்குக் கால் போச்சு மாமா."

"ஐயோ பாவம்தான். நீ வண்டி வாங்கலைன்னா திரும்ப மொளைச்சுடுமா?" என்று கேட்டுவிட்டு, டீயின் கடைசி மண்டியை முற்றத்தில் வீசினார். "பேசாம சீட்ட மாட்டு. காசக் குடுத்துட்டுக் கெளம்பலாம். நாளைக்கு ஏழு மணிக்கு வேல இல்ல உனக்கு?"

இந்த வண்டியை விட்டால் நாளை நிற்க வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் மலை இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. மறுபடி குழிதான். அதை அவர் நன்றாகத் தெரிந்துதான் கேட்டார்.

வாளி சிவப்பு தெரியாதபடி பிளாஸ்டிக்கைத் திரும்பச் சுற்றினாள். இரண்டு முறுக்கு. நுனியை உள்ளே செருகினாள், முன்னைவிட இறுக்கமாக. சீட்டை மாட்டிப் பூட்டினாள். அக்கா புருஷன் திருப்தியாகத் தொண்டையைச் செருமிக் காறி, சுவரில் துப்பினார்.

கடைக்குள் வந்ததும் பளபளா பேப்பரைத் தயாராக வைத்திருந்தார். "என்ன பெயின்டரே, பாப்பாவுக்குப் புடிச்சுதா?"

"எனக்குக் கால் எட்டல" என்றாள் வாளி.

பளபளாவின் காது கேட்க அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"எட்டுதே. இப்பத்தான ஓட்டின?" என்றார் அக்கா புருஷன்.

"நுனிக்காலுதான் எட்டுது. இடது பக்கம் சாய்ஞ்சா என்னால தாங்க முடியாது. பயமா இருக்கு."

பளபளா வாயைப் பிளந்து சிரித்தார். உள்ளே பின்வரிசைப் பல்லெல்லாம் சொத்தை. அங்கே மட்டும் பளபளப்பு எட்டவில்லை. "அதான் நான் அப்பவே சொன்னேன். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பெரிய வண்டி? குடத்துக்குச் சக்கரம் வெச்சுக் குடுத்தாப் போதும்!"

அக்கா புருஷனும் சிரிக்க வேண்டியதாயிற்று, வேண்டாவெறுப்பாக. சிரிக்கட்டும் என்று வாளி தலையைக் குனிந்துகொண்டாள். பயந்த பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏழு வருஷமாக வாய் திறக்காமல் இருந்ததற்கு அன்றுதான் ஒரு பலன் கிடைத்தது.

அவள் கண் கடையைச் சுற்றி வந்தது. கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், விற்பனைக்கு என்றுகூடச் சொல்ல முடியாத நிலையில், பால்காரன் வண்டி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. சின்ன எஞ்சின். இரண்டு பக்கமும் கேன் மாட்டுகிற இரும்புக் கொக்கி. பத்தடி தூரத்திலேயே புளித்த பாலின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சீட்டின் தையலுக்குள் பால் இறங்கி, காய்ந்து, மறுபடி நனைந்து, மஞ்சளாகத் திரிந்து போயிருந்தது. ஈக்கள் அதை விட்டு நகர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

வாளி மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து செயினைப் பார்த்தாள். பின்சக்கரத்தின் பல்சக்கரம் வழக்கத்தைவிடப் பெரியது, யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள். வேகம் போகாது, ஆனால் இழுக்கும். எண்பது லிட்டர் பாலைத் தினமும் மேட்டில் ஏற்றி இறக்கியவன் போட்ட கணக்கு அது. கம்பியில் ஒட்டு இல்லை, வளைவு இல்லை. துரு இருந்தது, துருவாகவே இருந்தது. சீட்டைத் தூக்கினாள். அடியில் நசுங்கிய ஒரு கரப்பான்பூச்சியும் பால் கணக்கு எழுதிய பென்சில் துண்டும் கிடந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"இது எவ்வளவு?" என்று கேட்டாள்.

"இதா? சீச்சீ, இந்தக் கருமத்தையா?" என்றார் பளபளா, முதல் முறையாக அவளையே பார்த்து. "இத எடுத்துட்டுப் போனா நான்தான் உனக்குக் காசு குடுக்கணும்."

"ஏய், என் மானத்த வாங்காத வாளி. நாத்தம் புடிச்ச வண்டிய வீட்டுல கொண்டு வந்து நிறுத்துவியா?" என்று அக்கா புருஷன் பல்லைக் கடித்தார்.

"கழுவிக்கறேன் மாமா. இந்த நாத்தம் போயிடும்."

அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு, எல்லோரையும்போல, வாளிதானே என்று விட்டுவிட்டார். "உனக்கேத்த வண்டிதான். எனக்கென்ன? பாலூத்திட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு வண்டியைத் துணி போட்டு மூடப் போனார்.

வாளி காசை எண்ணிக் கொடுத்துச் சாவியை வாங்கினாள். பால் வண்டி ஆறாவது உதையில்தான் கிளம்பியது. கிளம்பியதும் இருமியது. முதல் சிக்னலில் பக்கத்தில் நின்ற குடும்பம் ஒன்று ஒன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாளி பிடியைத் தளர்த்திப் பார்த்தாள். நேராகப் போனது.

போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள். "வண்டி எடுத்துட்டியா கண்ணு?" என்றாள் அக்கா.

"எடுத்துட்டேன்க்கா."

"பெருசா?"

"இல்ல. சின்னதுதான்."

"கால் ஊனுதா?"

"ரெண்டு காலும் ஊனுது."

"அது போதும்டி. அவரு எங்க, கூட வராரா?"

அக்கா அந்த மனுஷனுக்குப் பதினோரு வருஷமாகச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், அவர் துப்பிய இடத்தையெல்லாம் துடைக்கிறாள். நாளை அவர் வீட்டில் இல்லாமல் போனால் அக்கா யாரைத் திட்டுவாள், யாரைப் பார்த்து அழுவாள் என்று வாளிக்குத் தெரியும். இரண்டும் தன்னைத்தான்.

"வரல. நான் வர நேரமாகும்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஈக்கள் கூடவே வந்திருந்தன. அந்தப் பெண்ணுக்கு ஊன்ற ஒரு காலே மிச்சம் என்பது நினைவுக்கு வந்ததும் சாவியைத் திருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி கழுவும் கடையில் யாரும் இல்லை. சாவி எப்போதும் அவளிடம் இருக்கும். குழியின் இரும்பு மூடியை நகர்த்தினாள். நேற்று சேறு அள்ளியிருந்தாள். ஆனால் அள்ளுவது மேல் சேற்றை மட்டும்தான். அடிமூலையில் இறுகிக் கிடப்பதை யாரும் தொடுவதில்லை, அவளும் தொட்டதில்லை. கனமானதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டாள். சேறு குளிர்ந்து, வழவழவென்று, உயிருள்ளதுபோல அக்குளில் ஏறியது. நாற்றம் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. ஒரு போல்ட் வந்தது. செத்த ஏதோ ஒன்று பஞ்சுபோலக் கையில் வந்து பிய்ந்தது. இரண்டு முறை தலையைத் திருப்பி வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு மறுபடி கையை விட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் விரல் ஒரு வளையத்துக்குள் நுழைந்தது.

வெளியே எடுத்தாள். கறுப்பாக, சேறு சொட்டச் சொட்ட. பூ இருந்தது. வளையத்தில் நீள முடி நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தது, அறுபடாமல். பக்கத்திலேயே குழாய் இருந்தது. பழக்க தோஷத்தில் கை குழாய்க்குப் போனது. திருகும் நேரத்தில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நீலப் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டை வெட்டி, அப்படியே சேற்றோடு அதைச் சுருட்டினாள். இரண்டு முறுக்கு.

போலீஸ் ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். வாளி வாசலில் வந்து நின்றதும் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மூக்கை மூடினார். புளித்த பாலும் குழிச் சேறும் வாந்தியும் ஒன்றாக அந்த அறைக்குள் நுழைந்தன.

"யாரும்மா நீ? என்ன இந்த நாத்தம் நாறற? வெளிய நில்லு, வெளிய நில்லு. குளிச்சுட்டு வரக் கூடாது?"

வாளி வெளியே நிற்கவில்லை. மேஜை வரை நடந்துவந்து, நீலப் பொட்டலத்தைப் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"செவப்பு வண்டி ஒண்ணு தேடறீங்கள்ல மேடம். அது இப்பக் கறுப்பா இருக்கு. சீட்டைத் தூக்கினா ஒரு முடிச்சு இருக்கும், அதை அவுத்தாச் செவப்பு தெரியும். எங்க இருக்குன்னு சொல்றேன். யாரு பெயின்ட் அடிச்சது, யாரு கழுவினதுன்னும் சொல்றேன்."

பெண் போலீஸ் பேனா முனையால் பொட்டலத்தைத் தொட்டார். "இது என்ன?"

"அந்தம்மாவோடது. கழுவாம கொண்டு வந்திருக்கேன்" என்றாள் வாளி.